ஆஸ்போர்ன் நீர்மூழ்கி வேலையை நம்பி மகன் வெல்டிங்கில் இறங்கலாமா?

கேள்வி: அடிலெய்டுக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. எல்லோருக்கும் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) இருக்கிறது, இந்திய பாஸ்போர்ட்டை விட மனமில்லாமல் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. மகனுக்கு 17 வயது. பள்ளி முடித்ததும் வெல்டிங் அப்ரன்டிஸாகச் சேரப்போகிறேன் என்கிறான். ‘ஆஸ்போர்ன் யார்டில் அணுசக்தி நீர்மூழ்கி கட்டப்போகிறார்கள், முப்பது வருடத்துக்கு வேலை’ என்பது அவன் கணக்கு. ‘அமெரிக்கா கப்பலைக் கொடுக்கவே கொடுக்காது’ என்கிறார் என் மைத்துனர். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் இருவரும் பேசுவது வெவ்வேறு கப்பல்களைப் பற்றி.

மைத்துனர் சொல்வது வர்ஜீனியா ரகம். ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் சேர்ந்த ‘ஆக்கஸ்’ கூட்டில் 2023 மார்ச்சில் சான் டியேகோவில் அறிவித்தபடி, 2030களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்காவிடம் இந்த ரகத்தில் மூன்றை ஆஸ்திரேலியா வாங்க வேண்டும். தேவைப்பட்டால் இன்னும் இரண்டு. இவை அமெரிக்காவில் கட்டப்படுபவை. அடிலெய்டில் கட்டப்போவது பிரிட்டன் வடிவமைக்கும் ‘எஸ்எஸ்என்-ஆக்கஸ்’. அதில் முதல் கப்பல் கடற்படை கைக்கு வருவது 2040களின் தொடக்கத்தில்தான்.

மைத்துனரின் சந்தேகம் வெறும் வம்பு அல்ல. க்ரோட்டன், நியூபோர்ட் நியூஸ் என்ற இரண்டு யார்டுகளும் சேர்ந்து அண்மை ஆண்டுகளில் சராசரியாக வருடத்துக்கு 1.2 வர்ஜீனியாதான் கட்டியிருக்கின்றன. அமெரிக்கக் கடற்படையின் சொந்தத் தேவைக்கே வருடம் இரண்டு வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குக் கொடுப்பதையும் ஈடுகட்ட வேண்டுமென்றால் 2.33 வேண்டும். போதாததற்கு, தங்கள் கடலடி பலம் இதனால் குறையாது என்று அதிபர் முன்கூட்டியே காங்கிரஸுக்குச் சான்று தர வேண்டும் என 2023 டிசம்பர் சட்டம் சொல்கிறது. அங்குள்ள யார்டுகளை வலுப்படுத்த ஆஸ்திரேலியா 300 கோடி அமெரிக்க டாலர் தர ஒப்புக்கொண்டு, 2025இல் கொடுக்கவும் தொடங்கிவிட்டது. ஆனால் தட்டுப்பாடு பணத்தில் மட்டும் இல்லை, ஆளிலும் இருக்கிறது. குறிப்பாக, உங்கள் மகன் கற்க நினைக்கிற வேலை தெரிந்த ஆள்.

பிரிட்டன் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. அங்கே அணுசக்தி நீர்மூழ்கி கட்டும் யார்டு ஒன்றே ஒன்று, பாரோ. 1990களில் வான்கார்டு ரகத்துக்கும் அடுத்த ரகத்துக்கும் நடுவே விழுந்த இடைவெளியில் தேர்ந்த கைகள் ஆயிரக்கணக்கில் வெளியேறின. அஸ்டியூட் ரகத்துக்கு 1997இல் ஆர்டர் கொடுத்து வேலையைத் தொடங்கிய பிறகுதான் சொல்லிக்கொடுக்கப் பழைய ஆட்கள் போதவில்லை என்று தெரிந்தது. 2003இல் க்ரோட்டனின் எலெக்ட்ரிக் போட் நிறுவனத்திலிருந்து அமெரிக்கர்களை உதவிக்கு அழைத்தார்கள். முதல் அஸ்டியூட் கடற்படையில் சேர்ந்தது 2010இல். அனுபவமுள்ள நாட்டுக்கே இந்தக் கதி. அதே பாரோவில் இப்போது ட்ரெட்நாட் ரகம் உட்கார்ந்திருக்கிறது, ஆக்கஸ் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. ஆகவே தேதி தள்ளிப்போனால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

சரி, அடிலெய்டு வெல்டருக்கு இதில் என்ன? அணு உலையைப் பற்றி அவன் கவலைப்பட வேண்டாம். அது டெர்பியில் ரோல்ஸ்-ராய்ஸ் கட்டுவது. மூடி வெல்டு செய்த ஒரே அலகாக வந்து இறங்கும், இங்கே யாரும் திறக்கப்போவதில்லை. அவன் வேலை அழுத்தத்தைத் தாங்கும் உடற்கூட்டில். கனமான, உறுதிகூடிய எஃகு. வெல்டு வைக்கும் முன் சூடேற்ற வேண்டும். சூட்டிலோ ஈரத்திலோ கொஞ்சம் அசட்டையாக இருந்தால், வெல்டுக்குள் புகுந்த ஹைட்ரஜன் விரிசல் விடும். அந்த விரிசல் உடனே தெரியாது. இன்றைக்கு நன்றாக இருக்கும் வெல்டு நாளைக்கு அல்ட்ராசானிக் பரிசோதனையில் தோற்கும், வெட்டி எடுத்து முதலிலிருந்து போட வேண்டும். இந்தக் கை பழக அப்ரன்டிஸ் காலம் முடிந்த பிறகும் சில வருடம் பிடிக்கும். அதனால் இப்போதே தொடங்குவது சீக்கிரம் அல்ல.

அதுவரை சோற்றுக்கு? அதற்கும் ஆஸ்போர்னே வழி வைத்திருக்கிறது. ஹண்டர் ரகப் போர்க்கப்பல்களில் முதலாவதின் கட்டுமானம் 2024இல் அங்கே தொடங்கியது. திட்டம் மொத்தம் ஆறு. பழைய காலின்ஸ் நீர்மூழ்கிகள் ஆறின் ஆயுளை நீட்டிக்கும் வேலை 2026இல் ஃபார்ன்கோம்ப் கப்பலிலிருந்து தொடங்குவதாகத் திட்டம். வர்ஜீனியா தள்ளிப்போகும் ஒவ்வொரு வருடமும் காலின்ஸ் இன்னொரு வருடம் ஓட வேண்டும். மைத்துனர் சொல்வது பலித்தால்கூட உங்கள் மகனுக்கு வேலை கூடத்தான் செய்யும். அதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு இடிக்கிறது. நீர்மூழ்கி வேலைக்குப் பாதுகாப்புச் சான்று (செக்யூரிட்டி கிளியரன்ஸ்) வேண்டும். பொதுவாக அதை ஆஸ்திரேலியக் குடிமக்களுக்குத்தான் தருவார்கள். பி.ஆர். போதாது. குடியுரிமை வந்த பிறகும் சான்றுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது என்பதால் அவன் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டியிருக்கும்; ஓசிஐ (வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை வாங்கிக்கொள்ளலாம். 16 வயது தாண்டிவிட்டதால் உங்கள் விண்ணப்பத்தோடு ஒட்டிக்கொள்ள முடியாது, தன் பெயரில் தனியாகப் போட வேண்டும். நான்கு வருட வசிப்பும் அதில் பி.ஆரோடு ஒரு வருடமும் முடிந்திருந்தால் போதும். உங்கள் பாஸ்போர்ட்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவன் விண்ணப்பம் அப்ரன்டிஸ் சேரும் முன்பே போகட்டும்.