ரீபில்டுக்குப் பிறகு சூடானதும் ஐடில் (ஆக்சிலரேட்டர் திருகாதபோது என்ஜின் ஓடும் வேகம்) 2000 ஆர்.பி.எம்.-லேயே நிற்கும் மோட்டோ குஸ்ஸி பைக் (மண்டபம் ஊரிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்)

கார்புரேட்டர் ஜெட்டைத் (பெட்ரோல் வரும் சிறு துளை) தொடாதீங்க. சூடானதும் ஐடில் இறங்கலைன்னா முதல் சந்தேகம் காற்றுக் கசிவு. டெல்லோர்ட்டோ கார்புரேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர், கேஸ்கெட்டைப் பாருங்க.

வண்டி ஐடிலில் ஓடும்போதே அந்த இணைப்பில் ஒவ்வொரு பக்கமா சோப்புத் தண்ணி தெளிங்க. எந்தப் பக்கம் ஆர்.பி.எம். மாறுதோ அங்கேதான் கசிவு. பெட்ரோல் தெளிக்கவே கூடாது, பக்கத்திலேயே சூடான சைலன்சர் பைப்.

கசிவு இல்லைன்னா, ஸ்பார்க் விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்ட்ஸ் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறங்க. உங்க ஊர் உப்புக்காத்துல அட்வான்ஸ் எடைகள் (வேகம் கூடும்போது ஸ்பார்க்கை முன்னதாக்கும் எடைகள்) துருவேறி இறுகியிருக்கலாம். அப்படின்னா ஸ்பார்க் முன்கூட்டியே விழும், ஐடிலும் இறங்காது. உள்ளே சுழலும் பகுதியைக் கையால் திருப்பி விட்டா ஸ்பிரிங் தானா திரும்ப இழுக்கணும்.

அப்புறம்தான் ஆக்சிலரேட்டர் கேபிளில் 1–2 மி.மீ. தளர்வு வச்சு, வேக்குவம் கேஜில் ரெண்டு கார்புரேட்டரையும் சமன் பண்ணணும். கசிவோட நீண்ட தூரம் ஓட்டாதீங்க. கலவை மெலிஞ்சு பிஸ்டன் போயிடும்.