பன்னிரண்டு திர்ஹம் யார் தலையில்?

கேள்வி: “ஜிஸியா என்பது முஸ்லிம்கள் மார்க்கக் கடமையாகக் கட்டிய ஜகாத்துக்கு ஈடாக, முஸ்லிம் ஆட்சியில் மற்ற மதத்தவர் கட்டிய வரி, அதுவும் ஜகாத்தை விடக் குறைவுதான்” என்கிறார் ஒரு நண்பர். “எல்லோரையும் மதம் மாற்றத்தான் அந்த வரியே” என்கிறார் இன்னொருவர். டீக்கடையில் தினமும் சண்டை. யார் சொல்வது சரி?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: இருவருமே கணக்கைப் பார்க்காமல் சண்டை போடுகிறார்கள். இரண்டாமவரை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம்.

மதம் மாற்றத்தான் வரி என்றால், மாறிய அன்றே வசூல் நின்றிருக்க வேண்டும். உமையாக்கள் என்ற அரபு கலீபா வம்சத்தின் காலத்து ஈராக்கில் அப்படி நடக்கவில்லை. கிராமத்துக் குடியானவர்கள் முஸ்லிமாகி நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். வரி வருமானம் படுத்தது. ஆளுநர் ஹஜ்ஜாஜ் என்ன செய்தார்? அவர்களைப் பிடித்து ஊருக்கே திருப்பி அனுப்பி, பழைய வரியையே கட்டச் சொன்னார். 717இல் கலீபாவான இரண்டாம் உமர்தான், மாறியவர்களிடம் ஜிஸியா வாங்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். இறைவன் முகம்மதை அனுப்பியது மக்களை அழைக்கத்தானே தவிர வரி வசூலிக்க அல்ல என்று அவர் தன் ஆளுநருக்கு எழுதியதாக அரபு வரலாற்றாசிரியர்கள் பதிந்திருக்கிறார்கள். அப்படி ஒரு கடிதம் எழுத வேண்டி வந்ததே, அதிலேயே விஷயம் இருக்கிறது. மாறாமல் இருப்பவரால்தான் கஜானாவுக்கு லாபம்.

அதற்காக, வரிக்குப் பயந்து யாருமே மாறவில்லை என்றும் சொல்ல முடியாது. முஸ்லிமானால் ஜிஸியா கிடையாது என்று தான் அறிவித்ததையும், கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்ததையும் டெல்லி சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக்கே பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்.

இனி, ஜகாத் நண்பர். அவரிடம் ஒரு பென்சிலைக் கொடுங்கள்.

இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஹனஃபி சட்டப்படி ஆண்டுக்கு மூன்று படிகள்: பணக்காரருக்கு 48 திர்ஹம் (வெள்ளிக்காசு), நடுத்தரத்தாருக்கு 24, உழைத்துச் சாப்பிடும் ஏழைக்கு 12. பெண்கள், குழந்தைகள், அடிமைகள், சம்பாதிக்க வழியே இல்லாதவர்கள் ஆகியோருக்கு விலக்கு. அக்பர் 1564இல் நிறுத்திய இந்த வரியை 1679இல் ஔரங்கசீப் மீண்டும் கொண்டுவந்தபோது பின்பற்றியதும் இதே படிகளைத்தான். 200 திர்ஹம் வரை சொத்துள்ளவர் 12 கட்ட வேண்டும். 200க்கு மேல் 10,000 வரை 24. அதற்கும் மேலே எவ்வளவு இருந்தாலும் 48.

இப்போது ஜகாத்தைப் பக்கத்தில் வையுங்கள். ரொக்கம், வணிகச் சரக்கு ஆகியவற்றில் இரண்டரை சதவீதம், அதுவும் 200 திர்ஹம் சேர்ந்த பிறகுதான். 10,000 திர்ஹம் வைத்திருக்கும் முஸ்லிம் வணிகர் 250 கட்ட வேண்டும். அதை விடச் சற்றே கூடுதலாக வைத்திருக்கும் இந்து வணிகர் 48 கட்டினால் போதும். இதுவரை உங்கள் நண்பர் ஜெயிக்கிறார். (சேட்டு யாராவது கேட்டால் “ஜிஸியாவே தேவலை” என்பார்.) ஆனால் 150 திர்ஹம் மட்டுமே உள்ள முஸ்லிம் நெசவாளிக்கு ஜகாத் பூஜ்யம். அதே தெருவில், அதே 150 உள்ள இந்து நெசவாளி 12 கட்ட வேண்டும். கையிருப்பில் எட்டு சதவீதம்! 12 திர்ஹம் என்றால் அன்றைய ரூபாயில் மூன்று ரூபாய் சொச்சம், நகரத்துக் கூலியாளுக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். ஆக, ஜகாத்தை விடக் குறைவு என்பது பணக்காரருக்கு உண்மை. ஏழை விஷயத்தில் அது பச்சைப் பொய்.

“படையில் சேராததற்கு ஈடாகத்தான் அந்த வரி” என்று நண்பர் அடுத்த சீட்டை இறக்குவார். ஆரம்ப காலத்துக்கு அது ஓரளவு பொருந்தும். அந்தியோகியா மலைகளில் இருந்த ஜராஜிமா கிறிஸ்தவர்கள் போருக்கு உதவியதால் ஜிஸியா கட்டவில்லை. 636இல் பைசாந்தியருடன் நடந்த யர்மூக் போருக்கு முன், இனி உங்களைப் பாதுகாக்க முடியாது என்று சொல்லி முஸ்லிம் படையினர் சிரியாவின் ஹிம்ஸ் நகரத்தாருக்கு வாங்கிய வரியைத் திருப்பிக் கொடுத்ததாகவும் பதிவு உண்டு. ஆனால் ஔரங்கசீபின் படையில் ராஜபுத்திரர்கள் குதிரையேறிப் போரிட்டுக் கொண்டிருந்தார்கள். அரசாங்க ஊழியர் என்ற முறையில் அவர்களுக்கு விலக்கு கிடைத்தது. சுமை போய் விழுந்தது கடைக்காரர், தச்சர், நெசவாளி தலையில்.

டெல்லி மக்களுக்கு அது புரிந்திருந்தது. கோட்டையிலிருந்து ஜும்மா மசூதிக்குப் போகும் வழியை ஒரு வெள்ளிக்கிழமை அடைத்துக்கொண்டு நின்றார்கள். எச்சரித்தும் கலையவில்லை. கடைசியில் யானைகளைக் கூட்டத்தின் மேல் ஏவிவிட்டுத்தான் பேரரசர் தொழுகைக்குப் போனார். எழுதியவர் காஃபி கான், அந்தக் காலத்து முஸ்லிம் வரலாற்றாசிரியர்.

பணத்தோடு போகாமல் இன்னொன்றும் இருந்தது. கட்டுபவர் நேரில் நடந்து வந்து நிற்க வேண்டும், வாங்குபவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சில சட்ட நூல்கள் சடங்கே வகுத்தன. இதற்கு ஆதாரமே இல்லை என்று 13ஆம் நூற்றாண்டிலேயே இமாம் நவவி என்ற சட்ட அறிஞர் கண்டித்திருக்கிறார். ஜிஸியாவை எதிர்ப்பவரும் ஆதரிப்பவரும் அவரைப் படித்தால் நல்லது. படிக்க மாட்டார்கள்.

அப்புறம், “இன்றும் இருக்கிறதா?” என்று நீங்கள் அடுத்த கடிதம் போடுவதற்குள் சொல்லிவிடுகிறேன். போரும் பஞ்சமும் வாட்டியதால் 1704இல் தக்காணத்தில் ஔரங்கசீபே நிறுத்தி வைத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் எடுத்தும் போட்டும் இழுத்தடித்து, 1720இல் முகம்மது ஷா கைவிட்டார். உதுமானியப் பேரரசில் அது 19ஆம் நூற்றாண்டின் நடுவில் போனது. ஆனால் ஜிஸியா போய், படைவிலக்குக் கட்டணம் என்ற புதுப் பெயரில் கிறிஸ்தவர்களிடமும் யூதர்களிடமும் வசூல் தொடர்ந்தது. நம் காலத்தில் 2014 ஜூலையில், மதம் மாறு, ஜிஸியா கட்டு, இல்லையென்றால் ஊரை விட்டுப் போ என்று ஈராக்கின் மோசுல் நகரக் கிறிஸ்தவர்களுக்குக் கெடு வைத்தது ஐஎஸ் கும்பல். அவர்கள் ஊரை விட்டுப் போனார்கள்.