‘நோ’வை நீக்கினால் எதிர்ச்சொல் கிடைத்துவிடுமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் ஆங்கிலப் பயிற்சித்தாளில் ‘இன் நோ அன்சர்ட்டன் டெர்ம்ஸ்’ என்ற தொடருக்கு ஒருபொருட் சொற்களும் எதிர்ச்சொற்களும் கேட்டிருந்தார்கள். அவள் ‘நோ’வை நீக்கி, ‘இன் அன்சர்ட்டன் டெர்ம்ஸ்’ என்று எதிர்ச்சொல் எழுதினாள். ஆசிரியர் தவறென்று அடித்துவிட்டார். அவள் எழுதியது சரிதானே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தருக்கப்படி சரி, வழக்குப்படி சரியன்று. ‘அன்சர்ட்டன்’ என்பது ஐயத்துக்கு இடமுள்ளது. அதை ‘நோ’ மறுக்க, ‘ஐயத்துக்கு இடமின்றி, அழுத்தந்திருத்தமாக’ என்ற பொருள் தொடருக்குக் கிடைக்கிறது. இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாடு என்று நம் இலக்கண வகுப்பில் படித்ததுதான் இங்கும் நடக்கிறது. ‘அவன் வருவான்’ என்பதைக் காட்டிலும் ‘அவன் வராமல் இருக்கமாட்டான்’ என்பதில் உறுதி கூடுவதைப் போல, மறுப்பை மறுக்கும்போது ஆங்கிலத்திலும் அழுத்தம் பிறக்கிறது. ஆங்கில அணியிலக்கணம் இதை ‘லைட்டோட்டீஸ்’ என்கிறது. ஆனால் இப்படி இறுகிப்போன மரபுத்தொடரில் ஒரு சொல்லை உருவிவிட்டு எஞ்சியதைத் தொடராகக் கொள்ள முடியாது. ‘கண்ணும் கருத்துமாகப் படித்தான்’ என்பதற்கு எதிராக நாம் ‘ஏனோதானோவென்று படித்தான்’ என்போமே தவிர, ‘கண்ணும் கருத்தும் இன்றிப் படித்தான்’ என்று சொல்வதில்லை அல்லவா? உங்கள் மகள் யோசித்த விதம் பாராட்டத்தக்கது. அடித்ததோடு நில்லாமல் ஆசிரியர் இந்தக் காரணத்தையும் சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஒருபொருட் சொற்களிலும் கவனம் வேண்டும். ‘அன்இக்விவக்கலி’ என்பது மிக நெருங்கிய சொல். சமம், குரல் என்னும் பொருளுடைய இரண்டு இலத்தீன் சொற்களிலிருந்து ‘இக்விவக்கல்’ பிறந்தது. இரண்டு பொருளுக்கும் சமமாக இடம் கொடுக்கும் பேச்சு அது, அதற்கு வழியே இல்லாத பேச்சு இது. ‘கேட்டகாரிக்கலி’ என்பதில் நிபந்தனையோ விலக்கோ இல்லை என்ற குறிப்பு உண்டு. அதனால்தான் குற்றச்சாட்டை மறுப்பவர்கள் இச்சொல்லை நாடுகிறார்கள். ‘ஃப்ளாட்லி’, ‘பாயின்ட் பிளாங்க்’ இரண்டும் பெரும்பாலும் மறுப்பதோடு சேர்ந்து வருபவை. ‘பிளன்ட்லி’ என்றால் கேட்பவர் மனம் நோகுமே என்று பாராமல் சொல்வது. ‘எக்ஸ்ப்ளிசிட்லி’யில் தெளிவு உண்டு, சூடு இல்லை. விண்ணப்பப் படிவத்தின் விதி ஒன்று ‘எக்ஸ்ப்ளிசிட்லி’ கூறலாம். ‘இன் நோ அன்சர்ட்டன் டெர்ம்ஸ்’ என்பதற்கோ பெரும்பாலும் எதிரே ஒருவர் நிற்க வேண்டும், அவர் மனத்தில் பதியவேண்டும் என்ற வேகமும் வேண்டும்.

எதிர்ச்சொல்லாக ‘வேக்லி’, ‘ஆம்பிக்யுவஸ்லி’, ‘இவேசிவ்லி’ ஆகியவற்றை எழுதலாம். முதலாவது மங்கலாகச் சொல்வது, அடுத்தது இருபொருள்படச் சொல்வது, மூன்றாவது நழுவிப்போவது. வினையாக வேண்டுமென்றால், சுற்றி வளைப்பதைக் குறிக்கும் ‘பீட் அரவுண்ட் த புஷ்’ இருக்கிறது. இந்த எதிர்ப்பக்கத்துக்கு வரலாற்றிலேயே புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1906-இல் தென்னாப்பிரிக்காவில் சீனத் தொழிலாளர் நிலை பற்றி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசிய வின்ஸ்டன் சர்ச்சில், அதை முழுப் பொருளில் அடிமைமுறை என்று அழைத்தால் ‘டெர்மினலாஜிக்கல் இன்எக்ஸாக்டிட்யூட்’ நேரக்கூடும் என்றார். சொல்லாட்சியில் துல்லியம் பிறழ்வது என்பதே அதன் நேர்ப்பொருள். ஓர் உறுப்பினர் மற்றவரைப் பொய்யர் என்று அழைக்க அந்த அவை இடம்கொடுக்காததால், பொய் என்பதை நாசூக்காகச் சுட்டும் தொடராகவே அது பின்னர் வழங்கலாயிற்று.

கேள்வி: ஒரு மொழிபெயர்ப்பு நூலில் இதே தொடரை ‘நிச்சயமற்ற நிபந்தனைகள் ஏதுமின்றி எச்சரித்தார்’ என்று பெயர்த்திருந்தார்கள். எப்படிப் பெயர்த்திருக்க வேண்டும்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இங்கு ‘டெர்ம்ஸ்’ என்பது நிபந்தனையன்று, சொற்கள். ஒப்பந்தத்தில் வரும் பொருளை இங்கே பொருத்தியதால் வந்த பிழை இது. படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது, ஏனெனில் இந்த இடத்தில் தமிழ் மிகவும் செழிப்பான மொழி. எச்சரிப்பவர் அதிகாரியானால் ‘திட்டவட்டமாக எச்சரித்தார்’ போதும். ஆராய்ந்து முடிவு சொல்பவர் ‘அறுதியிட்டுக் கூறினார்’. விளக்கம் தருபவர் ‘ஐயந்திரிபற விளக்கினார்’. உறவையோ பேரத்தையோ முறிப்பவர் ‘வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசினார்’. மனத்தில் இருந்ததை மறைக்காமல் கொட்டினால் ‘போட்டு உடைத்தார்’. எதிர்ப்பக்கமும் இதற்குக் குறைந்ததன்று: மழுப்புதல், பூசி மெழுகுதல், பிடிகொடுக்காமல் பேசுதல், பட்டும் படாமலும் சொல்லுதல், ஜாடைமாடையாகக் குத்திக்காட்டுதல், வழவழ கொழகொழ என்று இழுத்தல். இவற்றில் பூசி மெழுகுபவர் ஒரு குறையை மறைக்கிறார். பிடிகொடுக்காதவர் தம்மைக் காத்துக்கொள்கிறார். ஜாடையாகப் பேசுபவரோ கேட்பவருக்குப் புரியவேண்டும் என்றே பேசுகிறார். பெயர்ப்பவர் முதலில் யார், யாரிடம், எந்த மனநிலையில் பேசுகிறார் என்று பார்த்துவிட்டுப் பிறகு சொல்லைத் தேடினால், தமிழில் அதற்கான சொல் காத்திருக்கும்.

கேள்வி: இத்தொடரைப் பாராட்டுக்கும் பயன்படுத்தலாமா?
– மாணவர், நாகர்கோவில்

பதில்: இலக்கணம் தடுக்காது. ஆயினும் ‘டோல்ட்’, ‘வார்ண்ட்’, ‘மேட் இட் கிளியர்’ போன்ற வினைகளோடும், கண்டிப்பு, மறுப்பு, எச்சரிக்கை தொனிக்கும் இடங்களிலுமே இது மிகுதியாக வருகிறது. பாராட்டுக்கு ‘ஹோல்ஹார்ட்டட்லி’ எழுதுங்கள். தமிழில் அதற்கு ‘மனமார’ இருக்கிறது.