கையில் இருப்பது எந்தச் செடி? மூலிகைச் சாறு சோதனை: கேள்வி பதில்

நாகர்கோவில் பக்கம் ஒரு ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷம் மூலிகைச் சாறு வடித்துச் சோதித்தவள் நான். அந்த வேலையில் தெரிந்ததைக் கேளுங்கள், சொல்கிறேன். நோய்க்கு மருந்து மட்டும் கேட்க வேண்டாம். நான் வைத்தியர் இல்லை.

குலசேகரம், எம்.எஸ்சி. மாணவி: கீழாநெல்லியில் புராஜெக்ட் செய்கிறேன் அக்கா. எந்தச் சோதனையில் தொடங்கணும்?

பிள்ளே, சோதனைக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வேரோடும் காயோடும் ஒரு செடியைப் பிடுங்கு. செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தி உலர்த்து. பறித்த இடம், தேதி எழுதித் தாவரவியல் ஆசிரியரிடம் காட்டி, ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடிகளைப் பெயரோடு சேர்த்து வைக்கும் காப்பகத்தில், ஒரு எண் வாங்கு. வடசேரிச் சந்தையில் கீழாநெல்லி என்று ஒரு கட்டு வாங்கினால் அதில் உண்மையான கீழாநெல்லியான ஃபில்லாந்தஸ் அமாரஸ் மட்டும்தான் இருக்கும் என்று நம்பாதே. தண்டு சிவந்த ஃபில்லாந்தஸ் யூரினேரியா கலந்திருக்கலாம், வேறு பங்காளிச் செடிகளும் வரலாம். அமாரஸின் அடையாளச் சேர்மம் ஃபில்லாந்தின். கலந்த கட்டில் அதன் அளவைப் பார்த்து நீ எழுதும் எண் எந்தச் செடியுடையது?

இது வெறும் சடங்கு இல்லை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மாத்திரை சாப்பிட்ட பெண்கள் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. ஸ்டெஃபானியா என்ற சீன மூலிகை இருக்க வேண்டிய இடத்தில் அரிஸ்டோலோக்கியா என்ற நச்சுச் செடி போயிருந்தது. இரண்டுக்கும் சீனப் பெயர் கிட்டத்தட்ட ஒன்று. பின்னால் அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் ஊர் ஈசுவரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அரிஸ்டோலோக்கியா குடும்பம்தான்.

அடையாளம் முடிந்ததும் நிழலில் உலர்த்திப் பொடித்து, முதலில் ஹெக்ஸேன், பிறகு எத்தில் அசிட்டேட், மெத்தனால், கடைசியில் தண்ணீர் என்ற வரிசையில் வடி. கொழுப்பும் மெழுகும் முதலில் கழன்றுவிடும், நீரோடு ஒட்டுகிறவை கடைசியில் வரும். அப்புறம், எந்த வகைச் சேர்மம் இருக்கிறது என்று பார்க்கும் நிறச் சோதனைகள். மேயர் கரைசலுக்கு வெண்மஞ்சள் வீழ்படிவும் டிராகண்டார்ஃப் கரைசலுக்குச் செங்காவியும் வந்தால் ஆல்கலாய்டு இருக்கலாம். மெக்னீசியம் துண்டு போட்டு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுச் சிவந்தால் ஃப்ளேவனாய்டு. தண்ணீரோடு குலுக்கிய நுரை கால் மணி நேரம் நின்றால் சபோனின். ஃபெர்ரிக் குளோரைடு விட்டுக் கருத்தால் ஃபீனால் வகை. ஆனால் டீத்தண்ணியும் அதற்குக் கருக்கும். ‘ஃபீனால் உள்ளது’ என்பதை ஒரு கண்டுபிடிப்பாக எழுதாதே. எவ்வளவு, எது என்பதுதான் கேள்வி.

பேச்சிப்பாறை: மழை விடவே மாட்டேங்குது. ரப்பர் ஷீட் போடுற புகைப்புரையில் இலையை உலர்த்தலாமா?

கூடாது. புகையில் இருக்கும் சேர்மங்கள் இலையில் படியும். அப்புறம் நீங்கள் சோதிப்பது விறகையும் சேர்த்துத்தான். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. ஈரம் நின்ற இலையில் பூஞ்சை பிடித்தால் அதன் நஞ்சும் சாற்றில் வரும். 40 டிகிரிக்கு மேல் போகாத ஓவன் போதும். இலை கையில் நொறுங்க வேண்டும், வளையக் கூடாது.

மார்த்தாண்டம், பி.எஸ்சி.: டிபிபிஎச்சில் என் சாறு வைட்டமின் சி-யை விட நன்றாக வருது. எப்படி எழுத?

முதலில் சாற்றின் நிறத்தைக் கழித்தாயா? டிபிபிஎச் ஒரு ஃப்ரீ ராடிக்கல், அதாவது இணையில்லாத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறு. சாறு அதை அணைத்தால் அதன் ஊதா மஞ்சளாகும், அதை 517 நானோமீட்டரில் அளக்கிறோம். உன் சாறே நிறமாக இருந்தால் கருவி அதையும் சேர்த்துப் படிக்கும். சாறு மட்டும் உள்ள குழாயைத் தனியாக வைத்துப் படி. அப்புறமும் நன்றாக வந்தால், ‘குழாயில் ஃப்ரீ ராடிக்கலை அணைக்கிறது’ என்று எழுது. உடம்புக்குள் என்ன நடக்கும் என்று அந்தக் குழாய்க்குத் தெரியாது. செடிக்கு ஹெர்பேரியம் எண் வாங்கினாயா?

தக்கலை, ஆய்வு மாணவர்: ஜிசி-எம்எஸ் ரிப்போர்ட்டில் 34 சேர்மம். ஹெக்ஸாடெகனாயிக் அமிலத்துக்குப் புற்றுநோய் எதிர்ப்பு, கிருமி எதிர்ப்பு என்று அட்டவணையில் போட்டிருக்கேன். சரியா?

தம்பி, ஹெக்ஸாடெகனாயிக் அமிலம் என்பது பாமிட்டிக் அமிலம். பாமாயிலில் நிறைய, தேங்காயெண்ணெயிலும் உண்டு. எந்த இலையை வடித்தாலும் வரும். அதை உன் செடியின் சிறப்பாக எழுதாதே. ஜிசி-எம்எஸ் கருவி சேர்மங்களை ஆவியாக்கிப் பிரித்து அடையாளம் காண்பது, அதனால் ஆவியாகக் கூடியவை மட்டும்தான் அதில் தெரியும். சர்க்கரையோடு சேர்ந்த கிளைகோசைடுகள் அதில் ஏறாது. செடியின் முக்கியமான பொருளே உன் அட்டவணைக்கு வெளியே நிற்கலாம். திரவத்திலேயே பிரிக்கும் எல்சி-எம்எஸ் கேள், கிடைக்காவிட்டால் தகட்டில் பிரிக்கும் எச்பிடிஎல்சி. இன்னொன்று, ‘தாலேட்’ என்று முடியும் பெயர் பட்டியலில் இருந்தால் பெரும்பாலும் அது நீ கரைப்பான் வைத்திருந்த பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து வந்தது. அதை மூலிகையின் குணமாக எழுதிய கட்டுரைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெறும் கரைப்பானையும் ஒரு தடவை ஓட்டிப் பார்.

களியக்காவிளை: ஜிசி-எம்எஸ்ஸில் 41 சேர்மம் வந்திருக்கு...

மேலே தக்கலைத் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருவட்டார், ஆசான் (நாட்டு வைத்தியர்): டீச்சரே, நீங்க மெத்தனாலில் ஊறப் போடுறீங்க. மெத்தனால் குடிச்சா கண்ணு போகும். நாங்க கொடுக்கிறது நாலில் ஒன்றாச் சுண்டின குடிநீர். அதைச் சோதிக்காம நிலவேம்புல குணம் உண்டு, இல்லைன்னு எப்படித் தீர்ப்பு சொல்லுவீங்க?

ஆசானே, நீங்கள் சொல்வது சரி. நானும் பல வருஷம் அந்தத் தப்பைச் செய்தேன். மெத்தனால் சாற்றைச் சோதித்துவிட்டு ‘மரபுப் பயன்பாடு உறுதியானது’ என்று எழுதினோம். மரபு கொடுத்தது வேறு, நாங்கள் சோதித்தது வேறு. நிலவேம்பின் முக்கியச் சேர்மமான ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் குறைவாகத்தான் கரையும், மெத்தனாலில் நன்றாகக் கரையும். நிலவேம்புக் குடிநீரிலோ ஒன்பது சரக்கு. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் எல்லாம் சேர்ந்து கொதிக்கும்போது என்ன கரைகிறது என்பதைத் தனி இலையை வைத்துச் சொல்ல முடியாது. ஆசான் காய்ச்சுகிற மாதிரியே காய்ச்சி, உறைய வைத்து உலர்த்தி, மெத்தனால் சாற்றின் பக்கத்தில் வைத்துச் சோதிப்பதுதான் முறை.

தக்கலை, ஆய்வு மாணவர்: அக்கா, ஒவ்வொரு ஆசானும் ஒவ்வொரு விதமாக் காய்ச்சுறாங்க. மறுபடி செய்தால் அதே முடிவு வராத ஒன்றை எப்படிச் சோதிக்க?

ஆசான்: தம்பி, செடி எந்த மாசம் பறிச்சதுன்னு நாங்க கேப்போம். நீங்க அதைக் கேக்கிறதே இல்லை. இதுல யாருக்கு ஒழுங்கு இல்லை?

கொல்லங்கோடு: அப்போ ஆய்வகமே வேண்டாம்னு சொல்றீங்களா ஆசானே?

சண்டை வேண்டாம், கேள்வி நல்ல கேள்வி. பறிக்கும் பருவத்தில் ஆசான் சொல்வதே சரி. நிலவேம்பு பூக்கத் தொடங்கும் சமயத்தில் ஆண்ட்ரோகிராஃபோலைடு மிகுதி, முற்றினால் குறையும். மாதத்தைக் குறிக்காத ஆய்வு அரைகுறைதான். மறுபடியும் அதே முடிவு வர வேண்டும் என்று தம்பி கேட்பதும் நியாயம். ஆசான் காய்ச்சும்போது பக்கத்தில் நின்று எடை, தண்ணீர், நேரம் மூன்றையும் எழுதிக்கொண்டால் தீர்ந்தது.

சீனத்தில் தூ யூயூ என்ற விஞ்ஞானி செய்ததைச் சொல்கிறேன். மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசியாச் செடியை அவர் குழு சோதித்தபோது ஒரு தடவை பலன் வந்தது, மறு தடவை வரவில்லை. நாலாம் நூற்றாண்டின் ஒரு வைத்திய நூலைத் திரும்பப் படித்தார். அதில் ஒரு கைப்பிடிச் செடியைத் தண்ணீரில் ஊற வைத்து, பிழிந்து குடி என்றுதான் இருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் கெடுக்கிறது என்று பிடித்துக்கொண்டு, 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரில் வடித்தார். 1971இல் அந்தச் சாறு எலியின் மலேரியாக் கிருமியைத் தீர்த்தது. 2015இல் நோபல் பரிசு. ஏடு வழி சொன்னது. காரணத்தையும், எந்தப் பொருள் என்பதையும், எவ்வளவு என்பதையும் ஆய்வகம் சொன்னது. ஆசானே, உங்கள் ஏட்டில் ‘இடித்துப் பிழி’ என்று வரும் இடங்களையும் ‘காய்ச்சு’ என்று வரும் இடங்களையும் தனித்தனியாக எழுதித் தந்தால், அதை வைத்தே ஒரு முனைவர் பட்டத்துக்கு வேலை இருக்கிறது.

ஆசான்: எழுதித் தாரேன். காய்ச்சும்போது வந்து நிக்கிற பிள்ளைகளை அனுப்புங்க.

தக்கலைத் தம்பி, போய்வா. தராசை எடுத்துக்கொண்டு போ.

கருங்கல்: எங்க வீட்டு வேலியில் நிக்கிற செங்காந்தள் கிழங்குச் சாறு புற்று செல்லைக் கொல்லுமாமே?

கொல்லும். ஆளையும் கொல்லும். அதிலுள்ள கால்ச்சிசின் செல் பிரிவதையே நிறுத்துகிறது, நல்ல செல்லையும் கெட்ட செல்லையும் பார்க்காது. தமிழ்நாட்டில் அந்தக் கிழங்கைத் தின்று செத்தவர்கள் உண்டு. செல் உயிரோடு இருக்கிறதா என்று நிறத்தை வைத்துப் பார்க்கும் எம்டிடி சோதனையில் செல் செத்தது என்றால் செல் செத்தது, அவ்வளவுதான். பிளீச்சிங் பவுடர் கரைசலிலும் சாகும். நல்ல செல்லை எவ்வளவு விட்டுவைக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்காத முடிவுக்கு மதிப்பில்லை.

நித்தியகல்யாணி கதை இதைவிடச் சரியான பாடம். கனடாவில் சர்க்கரை நோய்க்காகச் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றிய எலிகளுக்கு வெள்ளணு குறைந்தது. அதைக் கவனித்து 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். இன்று அது ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா போன்ற புற்றுநோய்களுக்கு மருந்து, மருத்துவமனையில் அளந்து ஏற்றுவது. சுடுகாட்டு மல்லி என்று பறித்துக் கஷாயம் வைப்பது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள்.

இரணியல்: முள்சீத்தா இலை புற்றுக்கு...

மேலே உள்ளதுதான். நோயாளி யாராவது வீட்டில் இருந்தால் புற்றுநோய் மருத்துவரிடம் போங்கள், இன்றே.

கொட்டாரம்: மருந்துவாழ் மலைச் செடி எல்லாத்துக்கும் சக்தி அதிகம்னு சொல்றாங்க. அனுமன் கொண்டுவந்த சஞ்சீவி மலைத் துண்டாச்சே?

அந்த மலை மீது எனக்கும் பக்தி உண்டு. மண், உயரம், மழையைப் பொறுத்துச் சேர்மத்தின் அளவு மாறும் என்பது உண்மை. கூடவா குறையவா என்பதை, அதே இனத்தைச் சமவெளியிலும் அதே மாதத்தில் பறித்துச் சோதித்தால்தான் சொல்ல முடியும். அதே இனம் என்பதற்கு ஹெர்பேரியம் எண் வேண்டும்.

அருமனை: காணிக்காரர் (மலைப் பழங்குடியினர்) காட்டித் தந்த ஒரு செடி. யாரிடமும் சொல்லாமல் சோதிச்சுப் பார்க்கலாமா?

சொல்லாமல் செய்யாதீர்கள். 1987இல் அகத்தியமலையில் ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டப் போன காணிகள் ஒரு காயைத் தின்றுகொண்டு களைக்காமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து கேரளத்தில் பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் தோட்டம் ‘ஜீவனி’ என்ற மருந்தைச் செய்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று ஒப்பந்தம் வந்தது. உலகம் முழுக்க அதை முன்மாதிரியாகப் பேசுகிறார்கள். அது கேரளத்துக் காணிகளுக்கு. பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிகளுக்கும் அறிவு குறைவில்லை. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது, சரணாலயத்துக்குள் பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும். அதற்கெல்லாம் முன்னால், காட்டித் தந்தவரின் வீட்டில் உட்கார்ந்து, என்ன செய்யப் போகிறேன், என்ன கிடைத்தால் உங்களுக்கு என்ன பங்கு என்று பேசுங்கள். சொல்லாமல் கொண்டுபோவது களவு.

குளச்சல்: மூலிகைப் பொடி விற்கிறேன். என்ன டெஸ்ட் வேண்டும்?

என்ஏபிஎல் (தேசிய ஆய்வக அங்கீகார வாரியம்) சான்று பெற்ற ஆய்வகத்தில் கன உலோகம் பாருங்கள்: ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 10 பங்கு), ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3, இதற்குள் இருக்க வேண்டும். பூஞ்சை நஞ்சும் கிருமி எண்ணிக்கையும் பாருங்கள். உரிமம் பற்றி மாநில இந்திய மருத்துவத் துறையில் கேளுங்கள்.

ஆரல்வாய்மொழி: சிறுகுறிஞ்சான் சாப்பிட்டா சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா?

டாக்டரைக் கேளுங்கள். நிறுத்தாதீர்கள்.

முளகுமூடு: கிருமி வளர்த்த அகார் தட்டில், சாற்றைச் சுற்றிக் கிருமி வளராத 18 மில்லிமீட்டர் வளையம். நல்ல மருந்தா?

வளையம் என்பது மருந்து எவ்வளவு தூரம் பரவியது என்பதும் சேர்ந்ததுதான். தண்ணீரோடு ஒட்டாத பொருள் அகாரில் நகராது, வலுவாக இருந்தும் சின்ன வளையம் காட்டும். எம்ஐசி, அதாவது கிருமி வளராமல் தடுக்கத் தேவைப்படும் மிகக் குறைந்த அளவை, எடு. மில்லிக்கு 1000 மைக்ரோகிராமுக்கு மேல் தேவைப்பட்டால் பெருமைப்பட ஒன்றும் இல்லை. சாற்றைக் கரைக்கும் கரைப்பானான டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட குழியும் வேண்டும், அதுவே கிருமியைத் தடுக்கும். எண் வாங்கினாயா என்று உன்னிடமும் கேட்கிறேன்.

திங்கள்சந்தை: ஒரு கட்டு கீழாநெல்லி அனுப்பட்டுமா அக்கா? சோதிச்சுத் தருவீங்களா?

இப்போது என் கையில் ஆய்வகம் இல்லை. கட்டை அவிழ்த்து வெள்ளைத் துணியில் ஒவ்வொரு செடியாகப் பரப்புங்கள். இலைக்கு அடியில் உள்ள காய் வழவழப்பாகக் காம்போடு தொங்குகிறதா, சொரசொரவென்று தண்டோடு ஒட்டியிருக்கிறதா என்று கிட்டத்தில் படம் எடுங்கள். தண்டு நிறமும் தெரிய வேண்டும். சொரசொரத்த காய் உள்ளவற்றைத் தனியாக ஒதுக்குங்கள், அவை யூரினேரியா. படத்தை அனுப்பினால் மீதியைப் பார்த்துச் சொல்கிறேன்.