கால்பந்து, படிப்பு, சேவை: ஒரே மாணவியால் முடியுமா?

காரைக்குடியில் முதலாண்டு படிக்கும் உங்கள் மகள் கல்லூரிக் கால்பந்து அணியில் இருக்கிறாள், நாட்டு நலப்பணித் திட்டத்திலும் சேர ஆசைப்படுகிறாள், படிப்பு கெடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

கெடாது. தாராளமாகச் சேரச் சொல்லுங்கள். நானும் இதே ஊர்ச் செம்மண் மைதானத்தில் மூன்று ஆண்டுகள் நடுக்களத்தில் ஆடியவள்தான்.

நலப்பணித் திட்டத்துக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம்; கூடவே 7 நாள் சிறப்பு முகாம் ஒன்று. வாரக் கணக்கில் இரண்டரை மணி நேரம்கூட வராது. உண்மையில் இடிக்கும் இடம் வருகைப்பதிவு. வெளியூர்ப் போட்டிக்குக் கிளம்பும் முன்பே துறைத்தலைவரிடம் கடிதம் கொடுத்து ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். திரும்பி வந்து கேட்டதால் ஒரு பருவம் முழுக்க நான் அலைந்தேன்.

முகாமில் ஊருணி தூர்வாரினோம். வரிசையாக நின்று மண்சட்டியைக் கைமாற்றியபோது, அடுத்தவள் கை நீளும் முன்பே நீட்டிவிடக்கூடாது என்று புரிந்தது. பந்தைக் கடத்துவதும் அப்படித்தான்!

தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன் ஆனது. ஆகவே இதை வெறும் பொழுதுபோக்காக எண்ண வேண்டாம்.

பாடத்தை அன்றன்றே, அரை மணி நேரமாவது புரட்டச் சொல்லுங்கள். பயிற்சி முடிந்த இரவில் கண் தானாக மூடும். அதனால் மாலைப் பயிற்சிக்கு முன்பே படிப்பது நல்லது. விடியற்காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு மட்டும் அனுப்பாதீர்கள். இரண்டு வாழைப்பழமாவது கொடுத்துவிடுங்கள்.