குழந்தைக்குத் துணையாக நீதிமன்றம் போக அடையாள அட்டை எதற்கு?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) வழக்குகளில் குழந்தைகளுக்குத் துணையாக நிற்க ஆசை. 12,000 ரூபாய் கட்டினால் மூன்று நாள் பயிற்சியும் அடையாள அட்டையும் தருவதாக ஓர் அமைப்பு சொல்கிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள். போக்சோ விதிகள் 2020-இல் இந்த வேலைக்கு 'ஆதரவு நபர்' என்று பெயர். உங்களை நியமிப்பது குழந்தைகள் நலக் குழு, அதுவும் வழக்குக்கு வழக்கு, குழந்தையும் பெற்றோரும் சம்மதித்தால். பட்டப்படிப்பும் குழந்தைக் கல்வியில் மூன்று ஆண்டு அனுபவமும் இருந்தால் போதும், ஆசிரியையான உங்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் இருக்கும். இதில் அட்டை விற்கிறவர்களுக்கு என்ன வேலை?

இந்த அட்டைக்காரர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சிங்க முத்திரை மாதிரி ஏதோ அச்சடித்த அட்டை, காரில் ஸ்டிக்கர், நேரே காவல் நிலையத்துக்குள் போவது, குழந்தையின் அம்மாவோடு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது (குழந்தையின் அடையாளம் வெளியே தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவில் சிறை வரை போகும்), அப்புறம் இழப்பீடு வாங்கித் தருகிறேன் என்று அதில் பாதியைக் கேட்பது. இழப்பீட்டில் யாருக்கும் கமிஷன் கிடையாது.

நீங்கள் அங்கே வாதாடப் போவதில்லை. பெரும்பாலும் காத்திருக்கத்தான் போகிறீர்கள். வராந்தாவில் ஒரே பெஞ்சில் ஒரு முனையில் குழந்தை, மறு முனையில் எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) மாமா, அத்தை என்று உட்கார்ந்திருப்பார்கள், குழந்தையை வேறு இடத்தில் உட்காரவைக்கச் சொல்லிக் கேட்க வேண்டியது நீங்கள்தான். கழிப்பறை எங்கே, இன்று யார் கேள்வி கேட்பார், எதிரித் தரப்பு வக்கீல் நேரடியாகக் கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் என்பதையெல்லாம் குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சட்டப்படி குழந்தையின் சாட்சியத்தை 30 நாளில் பதிவு செய்ய வேண்டும். நடப்பது வாய்தா மேல் வாய்தா. அந்தப் பிள்ளை ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கு என்ன பொய் சொல்லி லீவு எடுக்கும் என்று யாராவது யோசிக்கிறார்களா?

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உங்கள் பழைய மாணவி உங்களிடமே வந்து சொல்லி, நீங்கள் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ போலீசுக்கோ தகவல் கொடுத்திருந்தால், அந்த வழக்கில் நீங்கள் சாட்சியாகிவிடுவீர்கள். சாட்சி தன் முறை வரும்வரை வெளியே நிற்க வேண்டியவர். பக்கத்தில் உட்கார்ந்தால், 'டீச்சர்தான் சொல்லிக்கொடுத்தார்' என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். நீங்கள் காதால் கேட்டது மட்டும்தான், புகாரில் கையெழுத்துக்கூடப் போடவில்லை என்றாலும், குற்றப்பத்திரிகையின் சாட்சிப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று அரசு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். இருந்தால் அந்த ஒரு வழக்கை வேறொருவருக்கு விட்டுவிடுங்கள். மற்ற வழக்குகளுக்குத் தடையில்லை.

இப்போது செய்ய வேண்டியது: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆதரவு நபர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்கள். 'மேடம் மீட்டிங்கில் இருக்கிறார், அடுத்த வாரம் வாங்க' என்பார்கள். சரி என்று திரும்பிவிடாமல், மனுவைக் கொடுத்து நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.