மறுபடியும் ஒரு துணை: வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு 57 வயது. ரயில்வேயில் இருந்த என் கணவர் தவறி ஒன்பது வருஷம் ஆகிறது. குடும்ப பென்ஷன் வாங்குகிறேன். சாங்கி டேங்க் ஏரிக்கரையில் காலை நடையில் பழக்கமானவர் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்கிறார். மனைவியை இழந்தவர், மத்திய அரசில் ஓய்வு பெற்றவர். என் பென்ஷன் நின்றுவிடுமா? வீடு என் பேரிலும் கணவர் பேரிலும் இருக்கிறது. கல்யாணமான ஒரே மகள், "வீடு என்னம்மா ஆகும்?" என்கிறாள்.
- வாசகி, மல்லேஸ்வரம்

பதில்: பென்ஷன் நின்றுவிடும். மறுமணத்துக்குப் பிறகும் குடும்ப பென்ஷன் தொடர்வது குழந்தை இல்லாத விதவைக்குத்தான். அதற்கும் வருமான வரம்பு உண்டு. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதால் அவளுக்கும் போகாது. "பேங்கில் சொல்லாதே" என்று யோசனை சொல்ல நாலு பேர் வருவார்கள், கேட்காதீர்கள். மறுமணம் ஆகவில்லை என்று பொய்யாக எழுதிக் கொடுத்துப் பின்னால் தெரிந்தால், வாங்கிய பணத்தை மொத்தமாகத் திரும்பக் கட்டச் சொல்வார்கள்.

இதற்கு ஈடு அவர் பக்கம் இருக்கிறது. மத்திய அரசில் ஓய்வுக்குப் பிறகு செய்த கல்யாணத்திலும் மனைவிக்குக் குடும்ப பென்ஷன் உரிமை உண்டு. ஆனால் அது தானாக வராது. திருமணச் சான்றிதழ், சேர்ந்து எடுத்த போட்டோ, உங்கள் பிறந்த தேதிச் சான்று ஆகியவற்றோடு அவர் தன் பழைய அலுவலகத்துக்கு எழுதி, பென்ஷன் ஆணையில் உங்கள் பேரைச் சேர்க்க வேண்டும். கல்யாணமான மாதமே எழுதச் சொல்லுங்கள். அவர் போன பிறகு நீங்கள் தனியாக ஓடினால் இழுத்தடிக்கும். கல்யாணம் இல்லாமல் சேர்ந்து இருந்தால் உங்கள் பென்ஷன் நிற்காது, அவருடையதில் உங்களுக்கு உரிமையும் வராது.

வீட்டுக்கு வருவோம். மறுமணம் செய்தால் முதல் கணவரின் சொத்து கையை விட்டுப் போகும் என்ற பழைய பயம் வேண்டாம். இந்து வாரிசுச் சட்டத்தின் அந்தப் பிரிவு 2005-லேயே நீக்கப்பட்டது. மகளின் பயம் வேறு, அதில் நியாயம் இருக்கிறது. உயில் எழுதாமல் நீங்கள் காலமானால், உங்கள் பங்கு மகளுக்கும் புதுக் கணவருக்கும் சமமாகப் போகும். அவர் இதைக் கேட்காவிட்டாலும் சட்டம் கொடுத்துவிடும். அதனால் கல்யாணம் முடிந்ததும் உயில் எழுதுங்கள். "என் காலத்துக்குப் பின் அவர் ஆயுள்வரை இந்த வீட்டில் குடியிருக்கலாம்; விற்கவோ அடகு வைக்கவோ உரிமை இல்லை; அவருக்குப் பின் என் மகளுக்கு" என்ற வாசகம் இருவரையும் காப்பாற்றும். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும்; அவர்களில் மகளோ கணவரோ இருக்க வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சப்-ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.

இருவரும் இந்துக்களானால் கோயிலில் கல்யாணம் செய்து பதியலாம், காத்திருக்க வேண்டாம். சிறப்புத் திருமணச் சட்டம் 1954 வழியில் 30 நாள் நோட்டீஸும் மூன்று சாட்சிகளும் வேண்டும். எதுவானாலும் இருவரின் முந்தைய துணையின் இறப்புச் சான்றிதழ் தயாராக இருக்கட்டும்.

கேள்வி: மேட்ரிமோனி ஆப்பில் அறிமுகமானவர் லண்டனில் நர்ஸ் என்கிறார். எனக்கு அனுப்பிய நகைப் பார்சல் டெல்லி ஏர்போர்ட்டில் நிற்கிறதாம். 48,000 ரூபாய் கட்டச் சொல்லி கஸ்டம்ஸ் அதிகாரி போன் செய்தார். எனக்கு 64 வயது.
- வாசகர், அல்சூர்

பதில்: ஒரு பைசா அனுப்பாதீர்கள். பார்சலும் இல்லை, நர்ஸும் இல்லை. சுங்கத்துறை தனியார் கணக்கிலோ யுபிஐ நம்பரிலோ வரி வசூலிப்பதில்லை. முதல் தொகை போனதும் அபராதம், பிறகு கேஸ் மிரட்டல் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களானால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். பரிவர்த்தனை எண், தேதி, தொகை கையில் இருக்கட்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்கினால்தான் மிஞ்சும். சாட் மெசேஜ்களை அழிக்காதீர்கள், அவைதான் ஆதாரம். "போன பணத்தை மீட்டுத் தருகிறேன்" என்று கமிஷன் கேட்டு வருகிறவரும் பெரும்பாலும் அதே கும்பல்தான்.

கேள்வி: முதல் சந்திப்பை எங்கே வைக்கலாம்?
- வாசகி, ராஜாஜிநகர்

பதில்: தர்ஷினி ஹோட்டல் வேண்டாம், நின்றுகொண்டே சாப்பிட்டு ஓட வேண்டியிருக்கும். உட்காரும் ஹோட்டலில் மதியக் கூட்டம் கலைந்தபின், மூன்று மணி வாக்கில். உங்கள் வண்டியில் போங்கள், நேரத்தைத் தோழியிடம் சொல்லிவிடுங்கள். கடன், மருந்து, பிள்ளைகளோடு பேச்சு இருக்கிறதா, இவற்றை இரண்டாம் சந்திப்பிலேயே கேட்டுவிடலாம்.

கேள்வி: மாதவிடாய் நின்ற பிறகும் ஆணுறை எதற்கு?
- பெயர் வேண்டாம், ஜெயநகர்

பதில்: கர்ப்ப பயம்தான் போகும், தொற்று போகாது. எச்.ஐ.வி. பரிசோதனை அரசு மையங்களில் இலவசம். இருவரும் சேர்ந்து போங்கள். வறட்சியால் வலித்தால் தண்ணீர் சார்ந்த ஜெல் வாங்குங்கள். தேங்காய் எண்ணெயும் வாசலினும் லேடெக்ஸ் ஆணுறையைக் கிழித்துவிடும். உங்கள் துணைவர் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவரானால் வயாகரா வகை மாத்திரைகளைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும்.